அழட்டும், கூடவே இருங்கள்

இம்முறை வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது பாதிக்கு மேல் ஒரே கவலையாக இருந்தது: 'வேண்டாம்' என்று சொன்னால் குழந்தை தாங்குவதில்லை. மழலையர் வகுப்பில் ஆசிரியையாக இருந்துவிட்டு இப்போது பெற்றோருக்கு ஆலோசனை சொல்லிவரும் எனக்கு இது மிகவும் பழகிய கவலை. ஆகவே மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். பெயர்களை விட்டுவிட்டேன்.

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது. செல்போனில் பொம்மைப் படம் பார்க்க அரை மணி நேரம் என்று வைத்திருக்கிறோம். நேரம் முடிந்து போனை வாங்கினால் தரையில் விழுந்து உருளுகிறான், காலை உதைத்துக்கொண்டு கத்துகிறான். எவ்வளவோ பொறுமையாக எடுத்துச் சொல்லியும் காதில் வாங்குவதில்லை. முதலில் உறுதியாகத்தான் இருக்கிறேன். அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்களோ என்று பயந்து சில நாட்களில் நானே திரும்பக் கொடுத்துவிடுகிறேன். இப்போது அழுகை முன்பைவிட அதிகமாகிவிட்டது. பிடிவாதக்காரனாக வளர்ந்துவிடுவானோ? – ஒரு தாய்

பதில்: உங்கள் மகனைப் பிடிவாதக்காரன் என்று நான் நினைக்கவில்லை, அம்மா. நன்றாகக் கற்றுக்கொள்ளும் பிள்ளை. சில நாள் அழுதும் போன் கிடைக்கவில்லை. சில நாள் கிடைத்தது. எந்த நாளில், எவ்வளவு நேரம் அழுதால் கிடைக்கும் என்று அவனுக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் அழுது பார்க்கிறான். எப்போதும் பலன் தந்த பழக்கத்தைவிட எப்போதாவது பலன் தந்த பழக்கம்தான் எளிதில் போகாது. உளவியலாளர் ஸ்கின்னரும் அவருக்குப் பின் வந்தவர்களும் ஆய்வுக்கூடங்களில் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை இது. 'ஒரே ஒரு நாள்தானே கொடுத்தேன்' என்று நாம் நினைக்கும் அந்த ஒரு நாள் அவன் நினைவில் நன்றாகவே தங்கிவிடுகிறது.

இனிமேல் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தால் முதல் சில நாட்களுக்கு அழுகை கூடும். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். 'இந்த வழி பலிக்கவில்லை' என்று பெற்றோர் கைவிடுவது சரியாக இந்த இடத்தில்தான். அங்கே விட்டுக்கொடுத்தால், இதைவிட உரக்க அழ வேண்டும் என்ற பாடம்தான் அவனுக்கு ஏறும்.

அந்த அழுகையையும் சற்று நெருங்கிப் பாருங்கள். ஒன்றரை வயது முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளின் இத்தகைய கொந்தளிப்புகளை மைக்கேல் பொட்டேகல், ரிச்சர்ட் டேவிட்சன் என்ற இருவர் ஆராய்ந்து 2003-இல் எழுதினார்கள். பெரும்பாலானவை ஐந்து நிமிடங்களுக்குள் அடங்கிவிட்டன. கத்துவது, உதைப்பது, பொருளை எறிவது எல்லாம் கோபத்தைச் சேர்ந்தவை. விசும்புவது, சிணுங்குவது, மடி தேடி வருவது எல்லாம் துயரத்தைச் சேர்ந்தவை. கோபம் விறுவிறு என்று ஏறி, விரைவில் இறங்கிவிடுகிறது. துயரம் கடைசி வரை நீடிக்கிறது. என் வகுப்பறையில் கண்டதும் இதுவேதான். கோபம் உச்சத்தில் இருக்கும்போது நாம் பேசும் ஒவ்வொரு வார்த்தையும் அதைக் கிளறிவிடும். 'ஏன் இப்படிச் செய்கிறாய்?' என்று கேட்டால் நான்கு வயதுப் பிள்ளையால் என்ன பதில் சொல்ல முடியும்? தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள உதவும் முன்மூளைப் பகுதி இருபது வயதைக் கடந்தும் முதிர்ந்துகொண்டே இருக்கிறது. அவனுக்கோ இப்போதுதான் நான்கு.

எனவே போனைக் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட்டு, அவன் தலை எதிலும் மோதாதபடி பார்த்துக்கொண்டு, பக்கத்தில் தரையிலேயே உட்காருங்கள். "இன்னும் பார்க்க ஆசையாக இருக்கிறது. இன்றைக்கு முடிந்துவிட்டது." இவ்வளவு மட்டும் சொல்லுங்கள். கண் கெட்டுப்போகும், படிப்பு வராது என்ற விளக்கங்கள் வேண்டாம். விளக்கம் நீள நீள, இன்னும் பேரம் பேச இடமிருக்கிறது என்று அவனுக்குத் தோன்றும். சற்று நேரத்தில் கத்தலின் சுருதி இறங்கும். கால்கள் ஓயும். கையால் கண்ணைத் தேய்த்துக்கொண்டு நீங்கள் இருக்கும் பக்கம் ஓரக்கண்ணால் பார்ப்பான். கோபம் போய்த் துயரம் மட்டும் மிஞ்சியிருக்கும் நேரம் அது. அப்போது கையை நீட்டுங்கள். மடியில் வந்து விழுந்தால் முதுகைத் தடவிக்கொடுங்கள். புத்திமதி வேண்டாம். 'அழாமல் இருந்தால் வேறு ஏதாவது வாங்கித் தருகிறேன்' என்பதும் கூடாது. அழுகை உங்கள் முடிவை மாற்றவில்லை, உங்கள் அன்பையும் மாற்றவில்லை. இந்த இரண்டையும் அவன் ஒரே நேரத்தில் உணர வேண்டும்.

இன்னொரு செய்தி. அரை மணி நேரம் என்பது நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒன்றுமே விளங்காத அளவு. கதை விறுவிறுப்பாகப் போகும்போது பாதியில் பிடுங்கினால் யாருக்குத்தான் கோபம் வராது? 'இந்தப் படம் முடிந்ததும் நிறுத்த வேண்டும்' என்று தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். ஒரு படம் முடிந்ததும் அடுத்தது தானாகவே ஓடும் வசதியை அணைத்துவையுங்கள். முடிவே இல்லாமல் ஓடும்படி அமைக்கப்பட்ட ஒன்றோடு சின்னப் பிள்ளையை மல்லுக்கட்ட விடுவது நியாயம் இல்லை. முடிந்ததும் அவனே பொத்தானை அழுத்தி அணைக்கட்டும், அவனே கொண்டுபோய் அதன் இடத்தில் வைக்கட்டும். பிடுங்கப்படுவதற்கும் தானாக வைப்பதற்கும் குழந்தைக்கு மலையளவு வேறுபாடு இருக்கிறது.

அக்கம்பக்கத்தார் என்ன வேண்டுமானாலும் நினைக்கட்டும். அவர்களும் பிள்ளை வளர்த்தவர்கள்தான்.

கேள்வி: மகளுக்கு இரண்டு வயது. காலையிலிருந்து இரவு வரை 'தொடாதே, ஏறாதே, இழுக்காதே' என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன். எதற்கும் கேட்பதில்லை. – களைத்துப்போன ஒரு அம்மா

பதில்: பொருள்களை அவள் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிடுங்கள். பாதி 'தொடாதே' அன்றே நின்றுவிடும். நெருப்பு, மின்சாரம், தண்ணீர், சாலை, பிறரை அடிப்பது, கடிப்பது ஆகியவற்றுக்கு மட்டும் உங்கள் கண்டிப்பான குரலைச் சேமித்துவையுங்கள். இரண்டு வயதில் கவனத்தை வேறு பக்கம் திருப்புவது தவறே இல்லை. காக்கையைக் காட்டுங்கள், கதவைத் தட்டி விளையாடுங்கள். ஐந்து வயதுப் பிள்ளை உண்மையான ஏமாற்றத்தில் அழும்போது 'அதோ பார் காக்கை' என்றால்தான் அது அவமதிப்பு.

கேள்வி: ஐந்து வயதுப் பேத்திக்கு விளையாட்டில் தோற்றால் தாங்காது. பகடைக் காயை வீசி எறிகிறாள், பலகையைக் கவிழ்க்கிறாள். அதனால் நான் வேண்டுமென்றே தோற்றுப்போகிறேன். அவளுக்கு மகிழ்ச்சி, எனக்கும் நிம்மதி. ஆனால் இப்படியே பழகினால் பள்ளியில் எப்படிச் சமாளிப்பாள் என்று மருமகள் கேட்கிறாள். – ஒரு தாத்தா

பதில்: வணக்கம் ஐயா. பேத்தியோடு தரையில் உட்கார்ந்து ஏணியும் பாம்பும் விளையாடும் தாத்தா கிடைப்பது அவளுடைய பாக்கியம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மருமகள் கேட்பதும் சரியான கேள்விதான்.

நடித்துத் தோற்பதை மட்டும் விட்டுவிடுங்கள். அது நெடுநாள் ஒளிந்திருக்காது. ஒரு நாள் கண்டுபிடித்துவிடுவாள். அதுவரை வென்ற வெற்றிகளெல்லாம் பொய்யாகிப்போகும். அதற்குப் பதில் விதியையே வெளிப்படையாக மாற்றிக்கொள்ளுங்கள். 'நீ சின்னவள், அதனால் நீ இருபதாவது கட்டத்திலிருந்து தொடங்கலாம்' என்று சொல்லி ஆடுங்கள். அதன்பின் அவள் வென்றால் உண்மையாகவே வென்றாள், தோற்றால் உண்மையாகவே தோற்றாள். படம் கவிழ்த்த அட்டைகளில் ஜோடி சேர்க்கும் ஆட்டத்தையும் முயன்று பாருங்கள். அதில் நாம் நடிக்க வேண்டிய அவசியமே இருக்காது. எந்தப் படம் எங்கே இருந்தது என்பதில் பல குழந்தைகள் பெரியவர்களை முந்திவிடுவார்கள்.

இந்த விஷயத்தில் உங்களால் செய்ய முடிந்த பெரிய உதவி இன்னொன்று இருக்கிறது. எப்படித் தோற்பது என்று அவளுக்குக் காட்டுங்கள். நூறுக்கு அருகில் போய் உங்கள் காயைப் பாம்பு விழுங்கும்போது சிரித்து மழுப்பாதீர்கள். "அடடா! இவ்வளவு தூரம் வந்தேனே, எனக்கு வருத்தமாக இருக்கிறது" என்று முகம் சுருங்கச் சொல்லுங்கள். ஒரு பெருமூச்சு விடுங்கள். பிறகு காயைக் கீழே இறக்கிவைத்து, "சரி, உன் முறை" என்று பகடையை அவள் கையில் கொடுங்கள். அவள் கண்கொட்டாமல் உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வருத்தம் வரும், வந்த பிறகும் ஆட்டம் தொடரும் என்பதை அவள் அங்கே பார்க்கிறாள். 'விளையாட்டில் தோல்வி சகஜம்' என்று வாயால் சொல்லி இதைப் புரியவைக்க முடியாது.

பலகையைக் கவிழ்த்துவிட்டால் அன்றைய ஆட்டம் முடிந்தது. திட்ட வேண்டாம். அழுகை தணிந்ததும், சிதறிய காய்களை இருவரும் சேர்ந்து பொறுக்கிப் பெட்டியில் போடுங்கள். நாளைக்கு மறுபடி ஆடலாம்.

கேள்வி: வேலை காரணமாக வாரக் கடைசியில்தான் வீட்டில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வெளியே அழைத்துப்போவதாக ஆறு வயது மகனிடம் சொல்வேன். ஏதாவது வந்து தடைப்பட்டுவிடும். போன வாரம் அவன் அழக்கூட இல்லை. "நீங்கள் சும்மா சொல்வீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அழாமல் இருப்பது முதிர்ச்சியா? – ஒரு அப்பா

பதில்: இல்லை, தம்பி. உங்கள் சொல்லை அவன் எதிர்பார்ப்பதை நிறுத்திக்கொண்டிருக்கிறான். இந்த வாரம் வந்த கடிதங்களில் என்னை மிகவும் வருத்தியது உங்களுடையதுதான். நீங்களாகவே கேட்டு எழுதியிருப்பதால் சரிசெய்ய நிறைய நேரம் இருக்கிறது.

1960-களின் இறுதியில் ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷல் தொடங்கிய சோதனையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். குழந்தையின் முன் ஒரு இனிப்பை வைத்து, 'நான் திரும்பி வரும் வரை தின்னாமல் இருந்தால் இன்னொன்று' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். காத்திருந்த பிள்ளைகள் பிற்காலத்தில் முன்னுக்கு வருவார்கள் என்று அதிலிருந்து பெரிதாகப் பேசப்பட்டது. 2018-இல் இன்னும் அதிகக் குழந்தைகளை வைத்து மறுபடி பார்த்தபோது, குடும்பச் சூழ்நிலையைக் கணக்கில் எடுத்ததும் அந்தத் தொடர்பு வெகுவாகச் சுருங்கிவிட்டது.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது வேறொரு சோதனை. ராச்சஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் என்பவரும் குழுவினரும் செய்து 2013-இல் வெளியிட்டது. மூன்று முதல் ஐந்து வயதுக்குட்பட்ட 28 குழந்தைகள். இனிப்பை வைப்பதற்கு முன்பே, 'கொஞ்சம் காத்திரு, இதைவிட நல்ல வண்ணப் பென்சில்கள் கொண்டுவருகிறேன்' என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போகிறார். பாதிப் பேரிடம் சொன்னபடியே கொண்டுவந்தார். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து, 'மன்னித்துக்கொள், இல்லையாம்' என்றார். ஒட்டுப்படங்களை வைத்தும் அதேபோல் நடந்தது. அதன் பிறகுதான் இனிப்பு. சொன்ன சொல் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் 3 நிமிடம்தான். ஆக, காத்திருக்கும் திறன் குழந்தைக்குள் மட்டும் இல்லை. சொல்பவரை நம்பலாமா என்று அதுவும் எடைபோடுகிறது.

ஆகவே கொஞ்ச நாளைக்குப் பெரிய வாக்குறுதி எதுவும் தர வேண்டாம். சின்னதாகச் சொல்லுங்கள், சொன்னதைச் செய்யுங்கள். 'சாப்பிட்டதும் பத்து நிமிடம் பந்து விளையாடலாம்' என்றால், சாப்பிட்டுக் கை கழுவியதும் போனை எடுக்காமல் பந்தை எடுங்கள். வெளியே போவது உறுதி இல்லையென்றால் உறுதி இல்லை என்றே சொல்லுங்கள். 'அப்புறம் பார்க்கலாம்' என்று சொல்லிவிட்டு, மனதுக்குள் முடியாது என்று வைத்துக்கொள்வதை அடியோடு நிறுத்துங்கள். முடியாது என்றால் அப்போதே முடியாது என்பதுதான் மரியாதை. அன்றைக்கு ஒருமுறை அழுவான். ஆனால் வாரம் முழுக்கக் காத்திருந்து ஏமாற மாட்டான்.

போன ஞாயிற்றுக்கிழமைக்காக அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள். "வருகிறேன் என்று சொன்னேன், வரவில்லை. நீ காத்துக்கொண்டிருந்தாய். தப்பு என்னுடையது." காரணங்களை அடுக்காதீர்கள். பரிசுப் பொருளோடு போகாதீர்கள். அவன் இப்போது அழுதால் மகிழ்ச்சியடையுங்கள். உங்களிடம் மறுபடி எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டான் என்று பொருள்.

கேள்வி: பிறந்தநாளுக்கு வந்த பரிசைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இது எனக்குப் பிடிக்கவில்லை" என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டாள் என் ஆறு வயது மகள். கொடுத்தவர் முகம் வாடிவிட்டது. அங்கேயே கண்டித்தேன். செய்தது சரியா? – தலைகுனிந்த தாய்

பதில்: நீங்கள் தலைகுனிய ஒன்றுமில்லை. கேரலின் சார்னி என்ற உளவியலாளர் 1984-இல் பள்ளிக் குழந்தைகளுக்கு வேண்டுமென்றே பிடிக்காத பரிசைக் கொடுத்து அவர்கள் முகத்தைக் கவனித்தார். வயது குறைந்த பிள்ளைகளிடம் ஏமாற்றம் அப்படியே வெளியே தெரிந்தது. அதை மறைத்துப் புன்னகைப்பது வயது ஏற ஏறத்தான் வந்தது. ஆறு வயதில் அது இன்னும் பழகிவரும் கலை.

எல்லார் முன்னாலும் கண்டித்ததில் அவளுக்குக் கிடைத்தது இரண்டாவது ஏமாற்றம் மட்டுமே. அடுத்த முறை முன்கூட்டியே வீட்டில் ஒத்திகை பாருங்கள். ஒரு பழைய சீப்பைக் காகிதத்தில் சுற்றிக் கொடுங்கள். அவள் பிரித்துப் பார்த்து, கொடுத்தவர் முகத்தைப் பார்த்து, "நினைவு வைத்துக்கொண்டு வந்ததற்கு நன்றி" என்று சொல்லட்டும். பிறகு நீங்கள் பிரியுங்கள், அவள் கொடுக்கட்டும். பிடித்திருக்கிறது என்று பொய் சொல்லப் பழக்க வேண்டாம். நன்றி சொல்லப் பொய் தேவையில்லை. விருந்தினர் போன பிறகு உங்கள் காதில் மட்டும் 'எனக்கு வேறு வேண்டியிருந்தது' என்று அவள் குறைப்பட்டுக்கொள்ளலாம் என்ற உரிமையையும் கொடுத்துவையுங்கள்.

கேள்வி: குழந்தை அழுதால் போதும், என் மாமியார் ஓடிவந்து கேட்டதைக் கொடுத்துவிடுகிறார். 'பிஞ்சு மனது உடைந்துபோகும்' என்கிறார். கணவரோ அடித்தால்தான் அடங்கும் என்கிறார். நடுவில் நான். – ஒரு மருமகள்

பதில்: டயானா பாம்ரிண்ட் என்ற ஆய்வாளர் 1960-களில் மழலையர் வயதுப் பிள்ளைகளின் குடும்பங்களைக் கவனித்து, வளர்ப்பு முறைகளை வகைப்படுத்தினார். கண்டிப்பு மட்டும் இருந்த வீடு, கனிவு மட்டும் இருந்த வீடு இரண்டையும்விட, கனிவோடு கண்டிப்பும் சேர்ந்திருந்த வீட்டுப் பிள்ளைகளே தன்னம்பிக்கையோடும் தன்னடக்கத்தோடும் இருந்தார்கள். உங்கள் வீட்டில் கனிவும் இருக்கிறது, கண்டிப்பும் இருக்கிறது. இரண்டும் ஆளுக்கொரு பக்கம் நிற்கின்றன, அவ்வளவுதான். அடியை மட்டும் நான் எந்த வயதிலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அடிபட்ட பிள்ளை பயந்து அடங்குகிறது. ஏமாற்றத்தைத் தாங்கக் கற்றுக்கொள்வதில்லை.

மாமியாரிடம் 'நீங்கள் தலையிடாதீர்கள்' என்று சொல்லாதீர்கள். அழும் பேரக்குழந்தையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியாது. அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். "அத்தை, கேட்டதைக் கொடுக்க வேண்டாம், ஆனால் நீங்கள் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டுப்பாருங்கள். பொருள் இல்லை, மடி உண்டு. குழந்தை தூங்கிய பிறகு மூவரும் உட்கார்ந்து, எந்த விஷயங்களில் யார் கேட்டாலும் இல்லைதான் என்று மூன்று நான்கை மட்டும் முடிவு செய்யுங்கள். மற்றவற்றில் பாட்டியின் செல்லம் நடக்கட்டும்.

கேள்வி: மூன்று வயது மகள் கேட்டது கிடைக்காவிட்டால் தலையைச் சுவரில் முட்டிக்கொள்கிறாள். சில நேரம் அரை மணிக்கு மேல் போகிறது. இன்னும் தனித்தனி வார்த்தைகள்தான் பேசுகிறாள். போகப்போகச் சரியாகும் என்கிறார்கள். – கவலையில் இருப்பவர்

பதில்: உங்கள் கேள்விக்கு நான் இங்கே பதில் சொல்லி முடித்துவிடக் கூடாது. குழந்தை நல மருத்துவரிடம் இப்போதே அழைத்துப்போங்கள். தலையை முட்டிக்கொள்ளும் பழக்கம் சின்ன வயதில் பல குழந்தைகளுக்கு வந்து தானாகவே போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் ஆண்டி பெல்டன் என்பவரும் குழுவினரும் மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளை ஆராய்ந்து 2008-இல் வெளியிட்ட கட்டுரை, தன்னையே காயப்படுத்திக்கொள்வதையும் 25 நிமிடத்துக்கு மேல் நீளும் கொந்தளிப்பையும் கவனிக்க வேண்டிய அறிகுறிகளாகச் சொல்கிறது. பேச்சு தாமதமாவதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வேண்டியதைச் சொல்ல வார்த்தை இல்லாத பிள்ளைக்கு ஆத்திரம்தான் மொழி. காது நன்றாகக் கேட்கிறதா என்ற பரிசோதனையைக் கட்டாயம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

அதுவரை, அவள் முட்டத் தொடங்கினால் கத்தாமல், தலைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு தலையணையையோ உங்கள் கையையோ வையுங்கள். 'வேண்டும், போதும், உதவி' என்ற மூன்றுக்கும் ஒரு கை சைகை பழக்கிவையுங்கள். பேச்சு வர அது தடையாகாது. மருத்துவரிடம் போகும்போது ஒரு வாரக் குறிப்பு கையில் இருந்தால் நல்லது: எந்த நேரத்தில் வந்தது, அதற்கு முன் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, எப்படி நின்றது, தூங்கி எழுந்து எவ்வளவு நேரமாகியிருந்தது. முடிந்தால் ஒருமுறை செல்போனில் படம்பிடித்தும் எடுத்துப்போங்கள். மருத்துவர் முன்னால் குழந்தை பெரும்பாலும் சமர்த்தாக இருந்துவிடும்.